ஆமாம்பட்டிக்காரர்கள் கடல் பார்த்த விதம்

ஆமாம்பட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பெண் கொடுத்த ஊர் அது. பொங்கலுக்கு அங்கேதான் போய்ச் சாப்பிட வேண்டும்.

அவர்களிடம் உள்ளது ஒரே ஒரு பழக்கம். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் சொன்னதில் பாதியைக் காதில் வாங்கி, அதிலும் பாதியைச் செய்துவிட்டு எப்படியோ பிழைத்துப் போகிறோம். ஆமாம்பட்டியில் அந்தச் சாமர்த்தியம் யாருக்கும் வாய்க்கவில்லை. கண்டக்டர் ஒருமுறை "முன்னால போங்க, முன்னால போங்க" என்று கத்த, முன்வாசல் வழியாக இறங்கி, பேருந்துக்கும் முன்னால் நடந்து போனவர்கள் அவர்கள். பேருந்து பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. நல்ல மரியாதை என்று நினைத்துக்கொண்டார்களாம்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த வாத்தியார் ஒருநாள் கரும்பலகையில் கடல் வரைந்தார். "இதெல்லாம் தண்ணீர். இவ்வளவு தண்ணீரும் உப்பு. சும்மாவும் இருக்காது, அலையடித்துக்கொண்டே இருக்கும்" என்றார். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, சாயங்காலமே ஊர் கூடிவிட்டது.

"அவ்வளவு தண்ணிக்கும் உப்புப் போடணும்னா எத்தனை மூட்டை வேணும்?" என்று கேட்டான் விருமாண்டி. ஊரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவன். உப்பைப் பற்றி அவன் சொன்னால் மறு பேச்சு கிடையாது.

"போட்டாலும் யாரு கலக்கிவிடுறது?" என்றான் இன்னொருவன்.

"அதானே. வாத்தியாரு ஊருக்குப் புதுசு. சும்மா அடிச்சு விடுறாரு" என்று முடிவாயிற்று.

செவந்தி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு வயது. முன்பல் இரண்டும் விழுந்து, பேசும்போது காற்றுத்தான் முதலில் வரும். "நான் போயி ஒரு பாட்டில்ல கடலைக் கொண்டாந்து காட்டுறேன்" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொல்லிவிட்டாள். கொண்டுவராவிட்டால் இனி எந்த விளையாட்டிலும் அவளைச் சேர்ப்பதில்லை என்று பிள்ளைகளும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். ஆமாம்பட்டிப் பிள்ளைகள் அப்படிச் சொன்னால் கிழவிகளான பிறகும் சேர்க்க மாட்டார்கள். செவந்தி அன்றிலிருந்து ஒரு காலிப் பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள்.

அவளுடைய அப்பா ஒச்சப்பன் எனக்கு மச்சினன் முறை. மகள் முகம் வாடினால் அவனுக்குச் சோறு இறங்காது. மனைவி பொன்னுத்தாய், செவந்தி, நாலு வயதுப் பயல் மாயன் ஆகியோரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். தம்பி சங்கிலியும் தன் மனைவி வேலம்மாவோடும் மகள் தவமணியோடும் சேர்ந்துகொண்டான். போக வேண்டிய ஊர் முத்துக்கரை. ஒரு ராத்திரி தங்கல். மறுநாள் மத்தியானம் திரும்பிவரும் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அதை விட்டால் அறுவடை வந்துவிடும், பிறகு கடலாவது ஒன்றாவது.

முத்துக்கரையில் பாக்கியநாதன் என்பவர் ஒரு சின்ன விடுதி வைத்திருந்தார். நல்ல மனுஷர். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு என்றே பார்த்துப் பார்த்துக் கட்டினது. முற்றத்தில் ஊஞ்சல், அறையில் தொட்டில், காரம் போடாத சாம்பார், மேசை முனையெல்லாம் இடித்துக்கொள்ளாமல் இருக்கத் துணி சுற்றல், குழந்தைகள் உட்காரச் சின்னச் சின்ன நாற்காலிகள். ஆனால் இதுவரை வந்து தங்கினவர்கள் கருவாட்டு வியாபாரிகள்தான். சின்ன நாற்காலியில் அவர் மட்டுமே அவ்வப்போது உட்கார்ந்து பார்த்துக்கொள்வார்.

ஆகையால் காலையில் மூன்று குழந்தைகள் வாசலில் வந்து நின்றதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாங்க, வாங்க அண்ணாச்சி! வாங்க பிள்ளைகளா! கடலுக்கா? தெரு முக்குல திரும்பினா கடல்தான். ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். கடல் பக்கத்துல இருக்கு. பிள்ளைகள் மேல வச்ச கண்ணை எடுக்கவே கூடாது, என்ன?"

"இமைக்கலாமா?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

பாக்கியநாதன் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல தமாஷான ஆள் என்று நினைத்துவிட்டார். பதில் சொல்லவில்லை. பதில் வராததால் இமைக்கக் கூடாது என்று முடிவாயிற்று.

பெரியவர்கள் நாலு பேரும் பிள்ளைகளையே பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே மாடியேறினார்கள், பார்த்துக்கொண்டே மூட்டையை இறக்கினார்கள். சங்கிலி பார்த்துக்கொண்டே காபி குடித்ததில் பாதி மூக்குக்குப் போனது.

"அண்ணே, கண்ணு எரியுதுண்ணே."

"பொறுடா. இப்ப நான் இமைச்சுக்கிறேன், நீ பாத்துக்க. பொறவு நீ இமை, நான் பாக்குறேன்."

"எங்களுக்கு?" என்றாள் பொன்னுத்தாய்.

"பொம்பளைகளுக்கும் முறை வரும். அவசரப்படக் கூடாது."

அப்படியே கடலுக்குக் கிளம்பினார்கள். பிள்ளைகளைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு, பெரியவர்கள் கழுத்தைத் திருப்பிப் பிள்ளைகளைப் பார்த்தபடியே முன்னால் நடந்தார்கள். வழியை யாரும் பார்க்கவில்லை. பார்த்தால் கண்ணை எடுத்த மாதிரி ஆகிவிடுமே. தவறிப்போகாமல் இருக்க ஒச்சப்பன் ஒரு கையால் பக்கத்துச் சுவரைத் தடவிக்கொண்டே போனான். அது விடுதியின் சுவர்.

முற்றத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த பாக்கியநாதன், இடப்பக்கமாக வந்த குடும்பம் வலப்பக்கமாகப் போய் மறைவதைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் இடப்பக்கமாக வந்தார்கள். கையாட்டினார். சாப்பாட்டுக்கு முன்னால் நடக்கிற பழக்கமுள்ள குடும்பம், நல்லதுதான் என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"அப்பா, இந்த ஊஞ்சலை முன்னாடியே பாத்தமே" என்றாள் செவந்தி.

"கடக்கரை ஊருன்னா ஊஞ்சல் நெறையத்தான் இருக்கும்மா."

"அந்த மாமாவும் அதே மாதிரி இருக்காரு."

"அவரு தம்பியா இருக்கும். தடவினா சுவரு நேராத்தான் போகுது. நீ வா."

வெயில் உச்சிக்கு வந்தபோது மாயன் நடந்துகொண்டே தூங்கத் தொடங்கினான். அப்போதுதான் பாக்கியநாதனுக்குச் சந்தேகம் வந்து, எழுந்து போய் விசாரித்தார்.

"போதும் அண்ணாச்சி. பிள்ளைகளைப் பாத்தது போதும். வந்து சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு அறையில கொஞ்சம் படுங்க. வெயில் தாழ எந்திரிச்சு, கடலுக்குப் போங்க."

நாலு பேரும் ஒரே சமயத்தில் ஆசை தீர இமைத்தார்கள்.

சாப்பாடு பிரமாதம். காரம் போடாத சாம்பாரைப் பெரியவர்களும் குழந்தைகளைப் போலவே சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் கை கழுவிய மாயன், அறைக்கு ஓடிப்போய் விளையாடிவிட்டு வந்தான். கதவின் உள்பக்கம் ஓர் அட்டை தொங்கியது. அதில் ஒரு பூனைக்குட்டி தூங்குகிற படம். பூனைக்குட்டிக்குக் காற்று வேண்டுமே என்று, அதைக் கழற்றி வெளிப்பக்கக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தான். இதை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

குடும்பம் மாடியேறி வந்தது. அவர்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் சங்கிலி. அவன் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினான்.

"தொந்தரவு... செய்யா... தீர்கள்."

எல்லோரும் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

"உள்ள யாரோ தூங்குறாங்க" என்று கிசுகிசுத்தான் ஒச்சப்பன்.

"யாரு மச்சான்?" என்று வேலம்மா கிசுகிசுத்தாள்.

"தொந்தரவு பண்ணாம எப்படிக் கேக்குறது?"

"நாம எல்லாரும் இங்கதானே நிக்குறோம்?"

"அதனாலதான் சொல்றேன். உள்ள இருக்குறது நாம இல்ல."

வேலம்மா சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். "ஒருத்தரையும் காணலையே."

"அசந்து போயி இழுத்துப் போத்திப் படுத்திருப்பாங்க. பாவம், என்ன களைப்போ" என்று பொன்னுத்தாய் பரிதாபப்பட்டாள்.

செவந்தி அப்பாவின் வேட்டியை இழுத்தாள். "படுக்காமலே கடலுக்குப் போயிட்டா என்னப்பா?"

"படுத்து எந்திரிச்சுத்தானேம்மா போகச் சொன்னாரு? அவரு சொல்லைத் தாண்டலாமா?"

செவந்திக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆமாம்பட்டிப் பிள்ளைதானே. ஆனாலும் பாட்டிலைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். தாழ்வாரம் முழுக்க, கடலுக்குப் போக வந்த ஒரு குடும்பம் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் நின்றது. தும்மல் வந்தபோது சங்கிலி கீழே இறங்கி, தெருவுக்குப் போய்த் தும்மிவிட்டு வந்தான்.

பொழுது சாயும் நேரத்தில், குழந்தைகளுக்கு என்று சுண்டல் எடுத்துக்கொண்டு பாக்கியநாதன் மாடிக்கு வந்தார். "என்ன அண்ணாச்சி, கடலுக்குப் போ..."

"உஷ்ஷ்!" என்றது குடும்பம் மொத்தமும்.

அவரும் பயந்துபோய்க் குரலைத் தாழ்த்தினார். விஷயத்தைக் கேட்டார். அட்டையைப் பார்த்தார். கதவைத் திறந்து காட்டினார். உள்ளே ஒருவரும் இல்லை.

"பாத்தீங்களா, நம்ம பேச்சுச் சத்தத்துல எந்திரிச்சுப் போயிட்டாங்க" என்றான் ஒச்சப்பன் வருத்தத்தோடு.

இருட்டின பிறகு பிள்ளைகளோடு கடலுக்குப் போகக் கூடாது, காலையில் போகலாம் என்று பாக்கியநாதன் சொன்னார். செவந்தியின் உதடு பிதுங்குவதைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. சுண்டல் தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஒச்சப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இங்க உள்ள போறதுக்கு நீங்க யாரைக் கேக்கணும்? இதை உங்க சொந்த வீடுன்னே நினைச்சுக்கிடுங்க!"

விடுதி நடத்துகிற எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. பாக்கியநாதனின் போதாத காலம், அவர் அதை ஆமாம்பட்டிக்காரனிடம் சொன்னார்.

மறுநாள் காலையில் அவர் எழுந்து வந்தபோது வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. விடுதியின் திரைச்சீலைகள் எல்லாம் துவைத்து ஊஞ்சல் கயிற்றில் காய்ந்தன. முற்றத்தின் நடுவில் சங்கிலி குழி தோண்டி ஒரு முருங்கைக் கொம்பை நட்டுக்கொண்டிருந்தான். அடுப்படியில் பொன்னுத்தாய், சமையல்கார அம்மாளிடம் மாவு ஏன் புளிக்கவில்லை என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். வரவேற்பு மேசைக்கு மேலே, சாமி படம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், செத்துப்போன தன் அப்பாவின் படத்தை ஒச்சப்பன் ஆணி அடித்து மாட்டியிருந்தான். அந்தப் படத்தை அவன் எந்தப் பயணத்துக்கும் கொண்டுபோவான். அப்பா சாகும்போது "என்னை விட்டுட்டு எங்கயும் போகாதேடா" என்று சொல்லியிருந்தார்.

"வாங்க, வாங்க!" என்று பாக்கியநாதனை எதிர்கொண்டு அழைத்தான் ஒச்சப்பன். "இவ்வளவு காலையில! உக்காருங்க. ஏ பொன்னு, விருந்தாளி வந்திருக்காரு. காபி கொண்டா."

உட்காரச் சொன்னால் உட்கார்கிற பண்பு பாக்கியநாதனுக்கும் இருந்தது. கைக்கு அகப்பட்ட சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். காபி வந்தது. நன்றாகவே இருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அவர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. சென்னையிலிருந்து ஒரு புருஷன் மனைவி, இடுப்பில் கைக்குழந்தை. குழந்தையோடு வரும் இரண்டாவது குடும்பம். பாக்கியநாதன் எழுந்திருக்கப் பார்த்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. அவர் அதைக் கழற்றிக்கொண்டிருக்கையில் ஒச்சப்பன் வாசலுக்குப் போய்விட்டான்.

"இடம் இருக்குங்களா?" என்று கேட்டார் வந்தவர்.

"நம்ம வீட்டுல எடத்துக்கு என்னங்க கொறைச்சல்? வாங்க. நீங்க யாரு வழியில சொந்தம்?"

"சொந்தமா? சொந்தமெல்லாம் இல்லீங்க."

"சொந்தம் இல்லாம ஒரு வீட்டுல வந்து தங்குவீங்களா?" ஒச்சப்பன் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "நாலு பேரு என்ன பேசுவாங்க, தம்பி?"

"விடுங்க, பச்சைப்பிள்ளையோட வந்திருக்குதுக" என்று பொன்னுத்தாய் குறுக்கிட்டாள். தின்னத் தின்ன இட்லி வைத்தாள். வேலம்மா குழந்தையின் கன்னத்தில் மை வைத்து நெட்டி முறித்தாள். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் கொடுத்து, "இந்தப் பக்கம் வந்தா எட்டிப் பாக்காமப் போகக் கூடாது" என்று சொல்லி அதே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பெற்ற தாய் வீட்டில்கூட அப்படிக் கவனித்ததில்லையாம். பாக்கியநாதன் நாற்காலியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தபோது தெருவில் புழுதிதான் இருந்தது.

"அப்பா, கடல்?" என்றாள் செவந்தி.

"அட, கிளம்ப வேண்டியதுதான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டான் ஒச்சப்பன். போட்டவன் அப்படியே நின்றுவிட்டான். "ஆமா, வீட்டுல யாரு இருக்குறது?"

இங்கே ஆமாம்பட்டியின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் எந்த வீட்டுக்கும் பூட்டு கிடையாது. வீட்டை வெறும் வீடாக விட்டுப் போனால் மூதேவி வந்து குடியேறிவிடுவாள் என்பார்கள். கல்யாணம், சாவு, தேர்தல் எதுவானாலும் வீட்டுக்கு ஒருவர் வீட்டில் இருப்பார். ஒச்சப்பன் கிளம்பும்போதும் தன் வீட்டில் பொன்னுத்தாயின் தம்பியை உட்கார வைத்துவிட்டுத்தான் வந்தான். இப்போது இதுவும் சொந்த வீடாகிவிட்டதே.

முற்றத்தில், முருங்கைக் கொம்பைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள்.

"நான் இருக்கேன்" என்றாள் வேலம்மா. உடனே தவமணி அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஓலமிட்டாள்.

"அப்ப நான் இருக்கேன்" என்றாள் பொன்னுத்தாய். மாயன் தரையில் விழுந்து புரண்டான்.

"சங்கிலி இருக்கட்டும்."

"நான் வரலேன்னா கடல்னு போட்டிருக்குற போர்டை யாருண்ணே படிக்கிறது? வேற எதையாவது பாத்துட்டு வந்துட்டீங்கன்னா?"

"அதுவும் சரி. நான் இருக்கலாம்னா, கடல் காட்டுறேன்னு பிள்ளைக்கு வாக்குக் கொடுத்தவன் நான்."

திடீரென்று சங்கிலி முகம் மலர்ந்தான். "பிள்ளைக மூணும் வீட்டுல இருக்கட்டும்ணே. நாம போய்ப் பாத்துட்டு வந்து, எப்படி இருந்துச்சுன்னு சொல்லுவோம்."

"இது யோசனை!" என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

செவந்தி அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை. பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பல் இல்லாத வாயைத் திறந்து, காற்றாக அழுதாள். அதைப் பார்க்க எனக்கே தாங்கியிருக்காது. பாக்கியநாதன் பாவம், ஆடிப்போய்விட்டார்.

"அண்ணாச்சி, எல்லாரும் போயிட்டு வாங்க. வீட்டுல நான் இருக்கேன்."

"அதெப்படிங்க? விருந்துக்கு வந்தவரைக் காவலுக்கு வச்சுட்டு நாங்க ஊரு சுத்துறதா?"

"நான் விருந்தாளி இல்லை அண்ணாச்சி!"

"அப்படியெல்லாம் வேத்து ஆளு மாதிரி பேசாதீங்க. மத்தியானம் இருந்து கோழி அடிச்சுச் சாப்பிட்டுத்தான் போகணும்."

பாக்கியநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். பேருந்துக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. செவந்தியைப் பார்த்தார். பிறகு, விடுதி தொடங்கிய நாளிலிருந்து எந்த வாடிக்கையாளரிடமும் உயர்த்தாத குரலை உயர்த்தினார்.

"இது உங்க வீடு இல்லைய்யா! இது என் விடுதி! உங்க வீடு ஆமாம்பட்டியில இருக்கு!"

ஒச்சப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"இதை முன்னாலயே சொல்லக் கூடாதா?" என்றான் ஒச்சப்பன். அவன் முகம் சிறுத்துவிட்டது. "அடுத்தவங்க வீட்டுல அடுப்படி வரைக்கும் போயிட்டமே, சங்கிலி. கேவலம்டா."

அப்பாவின் படத்தைக் கழற்றினான். ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில் இட்லி மாவை வைத்து அடைத்தான். சங்கிலி முருங்கைக் கொம்பைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டான். பொன்னுத்தாய் கோலத்தைக் காலால் கலைத்துவிட்டாள். மூட்டை முடிச்சோடு, தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினார்கள். இப்போது காவல் காக்க வீடு எதுவும் இல்லாததால் எல்லோருமே கடலுக்குப் போக முடிந்தது.

தெரு முக்கில் திரும்பினார்கள். கடல்.

அந்த இடத்தில் அவர்கள் ஆமாம்பட்டிக்காரர்களாக இல்லை, வேறு எந்த ஊர்க்காரர்களாகவும் இல்லை. வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். சங்கிலி போர்டைத் தேடக்கூட மறந்துவிட்டான். "அம்மாடி" என்றாள் பொன்னுத்தாய். மாயன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். செவந்தி பாட்டிலின் மூடியைத் திறந்து, மணலில் இறங்கி, தண்ணீரை நோக்கி நடந்தாள்.

அங்கே விசில் வைத்துக்கொண்டு ஒரு கடலோரக் காவலர் நின்றிருந்தார். பிள்ளைகளைப் பார்த்ததும் விசில் ஊதினார். "அலை வந்தா பின்னாடி போங்க! பெரியவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். அலை வந்தா பின்னாடி போங்க!"

"ஆமாம்" என்றது குடும்பம்.

அலை வந்தது. பின்னால் போனார்கள். அலை திரும்பிப் போயிற்று.

"இப்ப முன்னாடி போவமா அண்ணே?"

"முன்னாடி போகச் சொன்னாரா?"

"இல்ல."

அதற்குள் அடுத்த அலை வந்துவிட்டது. பின்னால் போனார்கள். அதற்கு அடுத்தது வந்தது. கடலுக்கு வேறு வேலை இல்லை, அது அனுப்பிக்கொண்டே இருந்தது. மணல் முடிந்து தார்ச்சாலை வந்தது. சாலையில் ஏறியும் பின்னாலேயே போனார்கள். சங்கிலி எட்டி எட்டிப் பார்த்து, "இன்னொண்ணு வருதுண்ணே" என்று சொல்லிக்கொண்டே வந்தான். மீன் சந்தைக்குள் பின்பக்கமாக நுழைந்து, மறுபக்கம் பின்பக்கமாக வெளியே வந்தார்கள். முருங்கைக் கொம்பு பட்டு இரண்டு பேருடைய தலைப்பாகை விழுந்தது. கடல் மட்டும் கண்ணிலேயே இருந்தது. பாட்டில் காலியாகத்தான் இருந்தது.

விடுதி வாசலில் பாக்கியநாதன் களைத்துப்போய்ச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலில் சங்கிலியின் முதுகு வந்தது. அப்புறம் ஒச்சப்பனின் முதுகு. கடைசியில் செவந்தி, பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தபடி, கண்ணீர் வழிய, பின்னால் நடந்துகொண்டிருந்தாள்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்ல வேண்டி வரும். பாட்டிலை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினார். அறுபது வயதுக்குப் பக்கத்தில் உள்ள மனுஷர், தொந்தி குலுங்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடலுக்குள் முழங்கால் வரை இறங்கி, பாட்டிலை முழுக்கி எடுத்துக்கொண்டு, பேருந்து நிலையத்துக்கு ஓடினார். குடும்பம் அதற்குள் பின்னாலேயே போய்ப் பேருந்தில் ஏறியிருந்தது. பேருந்து நகரத் தொடங்கியிருந்தது. ஜன்னல் வழியாகப் பாட்டிலை நீட்டினார்.

"இந்தா பாப்பா. கடல்."

செவந்தி சிரித்தாள். அந்த ஓட்டைப்பல் சிரிப்புக்கு இன்னும் இரண்டு தடவை கடலுக்கு ஓடலாம் என்று அவருக்குத் தோன்றியதாம். "பத்திரமா போயிட்டு..." என்று தொடங்கியவர், சட்டென்று வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "வாங்க" என்று சொன்னால் வந்துவிடுவார்களே. இன்னொரு கையை மட்டும் ஆட்டினார். அவர் ஆட்டி முடிப்பதற்குள் பேருந்து வளைவில் திரும்பிவிட்டது. அவர் எப்போது நிறுத்தினார் என்று தெரியாததால், குடும்பமும் ஊர் வந்து சேரும் வரை கையாட்டிக்கொண்டே இருந்தது.

ஆமாம்பட்டியில் ஊரே காத்திருந்தது. பாட்டில் விருமாண்டியின் கைக்குப் போயிற்று. அவன் ஒரு சொட்டு நாக்கில் விட்டுக் கண்ணை மூடினான். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"உப்புத்தான்" என்றான். "சுத்தமான கல்லுப்பு."

பிள்ளைகள் செவந்தியைத் தூக்கிக் கொண்டாடினார்கள். ஒரு பயல் மட்டும் பாட்டிலை உற்றுப் பார்த்து, "அலை எங்க?" என்றான்.

எல்லோரும் பார்த்தார்கள். அலை இல்லை.

"பாட்டில்ல கையக் கால நீட்டக்கூட எடம் இல்ல. பொறவு எப்படிடா அலையடிக்கும்?" என்றான் ஒச்சப்பன். ஊருக்கு அது சரியென்று பட்டது. எல்லோரும் ஊருணிக்குப் போனார்கள். செவந்தி கரையில் நின்று கடலை ஊருணியில் ஊற்றினாள்.

"இனிமே ஊருணித் தண்ணி உப்பாயிடுமே?" என்று ஒருத்தி கவலைப்பட்டாள்.

"ஆகட்டும். கொழம்புக்கு உப்புப் போட வேண்டாம்ல" என்றான் சங்கிலி. அன்றிலிருந்து ஆமாம்பட்டியில் எந்தக் குழம்புக்கும் உப்புப் போடுவதில்லை. எனக்குப் பெண் கொடுத்த ஊர் என்று சொன்னேனே. பொங்கலுக்குப் போனால் நானும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

ஊர் மொத்தமும் ஊருணிக் கரையில் கடலைப் பார்த்து நின்றது. செவந்தி இடுப்பில் கை வைத்து எல்லோருக்கும் சொன்னாள். "எல்லாரும் கேட்டுக்கங்க! அலை வந்தா பின்னாடி போகணும்!"

"ஆமாம்!" என்றது ஊர்.

விஷயம் கேள்விப்பட்டு வாத்தியாரும் ஓடி வந்தார். இது கடல் இல்லை, ஊருணி என்று விளக்குவதற்காக எல்லோருக்கும் பின்னால் நின்று தொண்டையைச் செருமினார். அந்த நேரம் பார்த்து, வெயில் தாங்காத ஓர் எருமை எதிர்க்கரையில் இறங்கி, தொப்பென்று தண்ணீரில் சாய்ந்தது. ஊருணி அசைந்தது. சின்னதாக ஓர் அலை கிளம்பி வந்து செவந்தியின் கட்டைவிரலைத் தொட்டது.

ஆமாம்பட்டி மொத்தமும் பின்னால் நடந்தது. வாத்தியாருக்கு விளக்க நேரம் இல்லை. முதுகுகள் வந்து தள்ளத் தள்ள, அவரும் பின்னாலேயே நடந்தார். எருமை புரண்டு புரண்டு படுத்தது. கரைக்கு நேர் எதிரே வீடு இருந்தவர்கள் பின்பக்கமாகவே வீட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். விருமாண்டிக்குத்தான் அந்த வரிசையில் வீடு இல்லை. அவனும் அவன் மனைவியும் நாலு பிள்ளைகளும் பின்னாலேயே போய், சாலைக்கு வந்து, அங்கே நின்றுகொண்டிருந்த முத்துக்கரைப் பேருந்தில் பின்பக்கமாக ஏறினார்கள். "உள்ள போங்க, உள்ள போங்க" என்றார் கண்டக்டர்.

மறுநாள் காலையில் பாக்கியநாதன் விடுதி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். தெருவில் ஏதோ அரவம் கேட்டு நிமிர்ந்தார். பெரியதும் சின்னதுமாக முதுகுகள் வரிசையாக வந்து, வாசற்படியைக் காலால் தடவிப் பார்த்து, ஒவ்வொன்றாக உள்ளே ஏறின.

அவர் எந்த ஊர் என்று கேட்கவில்லை. "வாங்க" என்றும் சொல்லவில்லை. துடைப்பத்தை ஓரமாகச் சாத்திவிட்டு உள்ளே ஓடிப்போய், சின்ன நாற்காலிகள் எல்லாவற்றையும் எடுத்து, வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டார்.